சிரம்பான் தோட்டத்து டாக்டர்: சுவாமி சிவானந்தர் வரலாறு

ஆன்மீக நாட்டமுள்ள நம் இல்லங்கள் பலவற்றின் பூசையறையிலே, காவியுடுத்தி, கழுத்தில் மாலையணிந்து, பரந்த மார்பும் மலர்ந்த முகமுமாய் வீற்றிருக்கும் ரிஷிகேசத்துத் துறவியின் திருவுருவப் படத்தைக் காணலாம். அவரை இமயத்தின் மைந்தராகவே பலரும் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். ஆனால் அந்த மகானின் வாழ்க்கையில் முழுமையாகப் பத்தாண்டுகள் கழிந்தது இந்த மலாயா மண்ணில் என்பதும், அவர் துறந்து சென்றது நம் பாட்டன்மார் பால்மரம் சீவிய தோட்டப்புறத்தையும் ஜொகூர் பாருவின் மருத்துவ நிலையத்தையும்தான் என்பதும் இளைய தலைமுறையினர் பலருக்குத் தெரியாது. திருவிழா நன்னாளில் வெளிவரும் இம்மலரிலே அப்பெரியாரின் வரலாற்றை, குறிப்பாக நம் நாட்டோடு தொடர்புடைய பகுதியைச் சற்று விரிவாகவே நினைவுகூர்வது பொருத்தமாகும்.

திருநெல்வேலிச் சீமையில், தாமிரபரணி பாய்ந்து வளம் செய்யும் பகுதியில், கோரைப்பாய்க்குப் பெயர்பெற்ற ஊர் பத்தமடை. பட்டுத்துணியைப்போல் மடித்துவிடக்கூடிய மெல்லிய பாய்களை நெய்யும் அவ்வூரில், 1887ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள், பரணி நட்சத்திரத்தில், வேங்கு ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் மூன்றாவது மகனாகப் பிறந்தார் குப்புசுவாமி. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த சைவப் பேரறிஞர் அப்பைய தீட்சிதரின் வழிவந்த குடும்பம் அது. தந்தையார் எட்டயபுரம் ஜமீனில் தாசில்தாராகப் பணியாற்றியவர்; சிவபூசை தவறாதவர். பூசைக்கு வில்வமும் மலரும் பறித்துக் கொடுப்பது சிறுவன் குப்புசுவாமியின் பொறுப்பு. எட்டயபுரம் என்றதும் நமக்கு மகாகவி பாரதியாரின் நினைவு வரும். பாரதியார் நம் சுவாமிகளுக்கு ஐந்தாண்டு மூத்தவர். ஒரே ஜமீனின் நிழலில் வளர்ந்த இருவரும் இருவேறு பாதைகளில் உலகப் புகழ் எய்தியது எண்ணி வியக்கத்தக்கது.

எட்டயபுரம் ராஜா உயர்நிலைப்பள்ளியில் பயின்று 1903இல் மெட்ரிகுலேஷன் தேறிய குப்புசுவாமி, திருச்சிராப்பள்ளியில் எஸ்.பி.ஜி. கல்லூரியில் சேர்ந்தார். தேகப்பயிற்சியிலும் நாடகத்திலும் ஆர்வம் மிக்கவர். பின்னர் தஞ்சாவூர் மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்தது. விடுமுறைக்கு மற்ற மாணவர்களெல்லாம் ஊருக்குப் புறப்பட, இவர் மட்டும் மருத்துவமனையிலேயே தங்கி, அறுவைக் கூடத்தில் நின்று கற்றுக்கொண்டிருப்பாராம். இடையிலே தந்தையார் காலமானார். தாயாரும் நோயுற்றார். படிப்பு தடைப்பட்ட அக்காலத்திலும் அவர் வாளாவிருக்கவில்லை. 1909இல் 'அம்புரோசியா' என்ற மருத்துவ மாத இதழைத் திருச்சியில் தொடங்கினார். முதலீடு, தாயார் கொடுத்த நூறு ரூபாய். உடல்நலம், சுகாதாரம், ஆயுர்வேதம் பற்றிய செய்திகளை எளிய முறையில் மக்களுக்கு எடுத்துச் சொல்வதே அவ்விதழின் நோக்கம். கட்டுரைகளில் பலவற்றை வெவ்வேறு புனைபெயர்களில் அவரே எழுதினார். ஏறத்தாழ நான்காண்டுகள் நடந்த இதழ் அவருக்குப் பெரும்பொருள் ஈட்டித் தரவில்லை. ஆயினும் தாம் அறிந்ததைப் பிறருக்கு வழங்காமல் இருக்க முடியாத அவருடைய இயல்பு அப்பொழுதே வெளிப்பட்டுவிட்டது.

சென்னையில் ஒரு மருந்தகத்தில் சிறிது காலம் பணியாற்றினார். அது மனத்துக்கு நிறைவளிக்கவில்லை. அக்காலத்தில் தமிழ்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாக மக்கள் மலாயாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தனர். தாமும் அங்கே செல்வதென 1913இல் முடிவு செய்தார். ஆசாரமான அந்தணக் குடும்பத்தில் கடல் கடந்து செல்வது எளிதில் ஒப்புக்கொள்ளப்படுகிற செயலன்று. இருப்பினும் எஸ்.எஸ். தாரா என்ற கப்பலில் ஏறிவிட்டார். கப்பலில் புலால் உணவு பரிமாறப்பட்டதால் அதைத் தொட மனமின்றி, தாயார் செய்து கொடுத்தனுப்பிய இனிப்புப் பண்டங்களையும் தண்ணீரையும் மட்டுமே உட்கொண்டு பயணம் முழுவதையும் கழித்தார். சிங்கப்பூரில் கரையிறங்கியபோது பாதி உயிராய் இருந்தார் என்பர். உற்றார் உறவினர் எவருமில்லாத அந்நிய நாடு. கையிலே பெரும் பணமும் கிடையாது.

இங்கே அக்கால மலாயாவைப் பற்றி ஓரிரு சொற்கள் கூறியாக வேண்டும். பேரளவில் காடுகள் அழிக்கப்பட்டு ரப்பர் நடப்பட்ட காலம் அது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறைக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டு, கங்காணிகள் மூலம் ஆள் சேர்க்கும் முறை ஓங்கியிருந்தது. புதிதாகத் திறந்த தோட்டங்களிலெல்லாம் மலேரியாக் காய்ச்சல் கொள்ளைகொண்டது. கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்திலும், 1901 முதல் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டி நீரை வெளியேற்றிக் காய்ச்சலைக் கட்டுப்படுத்திக் காட்டினார் டாக்டர் மால்கம் வாட்சன். அவ்வழி எல்லாத் தோட்டங்களுக்கும் போய்ச் சேரப் பல்லாண்டுகளாயின. அதுவரை தொழிலாளிக்குக் கிடைத்ததெல்லாம் கொய்னா மருந்தும் தோட்டத்து மருத்துவமனையின் பலகைக் கட்டிலுமே. கோலாலம்பூரிலே, பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ரயில்வே ஊழியர்கள் குடியேறி, 1904இல் விவேகானந்தா ஆசிரமத்தையும் தோற்றுவித்திருந்தனர். அரசாங்க எழுத்தர்களின் அந்த உலகுக்கும் தோட்டத்து லயங்களின் உலகுக்கும் இடையே இருந்த தூரம் பெரிது. நம் டாக்டர் வந்து சேர்ந்தது இந்த இரண்டாவது உலகுக்கே.

அறிமுகமானவர் ஒருவர் வழியாகக் கிடைத்த கடிதத்துடன் சிரம்பானில் டாக்டர் ஹெரால்டு பார்சன்ஸ் என்பவரைச் சென்று கண்டார். அவருக்கு உதவியாளர் தேவைப்படவில்லை. ஆனால் அருகிலிருந்த ரப்பர் தோட்டமொன்றின் துரை ராபின்ஸ் என்பவரிடம் அனுப்பிவைத்தார். அத்தோட்டத்துக்குச் சொந்தமாக ஒரு மருத்துவமனை உண்டு. ராபின்ஸ் துரை ஆஜானுபாகு, முன்கோபி. வந்தவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு மருத்துவமனையைத் தனியாக நடத்த இயலுமா என்று கேட்டார். மூன்று மருத்துவமனைகளைக் கொடுத்தாலும் நடத்துவேன் என்று இளைஞர் தயங்காமல் மறுமொழி கூறினாராம். மாதம் நூறு வெள்ளிக்குக் குறைவாக ஒப்புக்கொள்ள வேண்டாமென அங்கிருந்த இந்தியர் ஒருவர் முன்னதாகவே சொல்லி வைத்திருந்தார். துரையோ நூற்றைம்பது வெள்ளி கொடுத்து அன்றே பணியில் அமர்த்திக்கொண்டார்.

அம்மருத்துவமனையில் ஏறத்தாழ ஏழாண்டுகள் பணி. டாக்டரும் அவரே, மருந்து கலப்பவரும் அவரே, இருப்புக் கணக்கு எழுதுபவரும் அவரே. 1918இல் இன்புளுவென்சாக் கொள்ளைநோய் உலகெங்கும் பரவி மலாயாத் தோட்டங்களிலும் ஏராளமானோரைப் பலிகொண்டபோதும் அவர் நெகிரி செம்பிலானில்தான் இருந்தார். நோயாளிகளிடம் அவர் காட்டிய பரிவு சுற்றுவட்டாரத் தோட்டங்களிலெல்லாம் பேசப்பட்டது. ஏழைகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவோருக்கு வழிச்செலவுக்கும் நல்லுணவுக்கும் தம் பையிலிருந்தே கொடுத்தனுப்புவது அவர் வழக்கம். தாழ்த்தப்பட்ட குலத்தைச் சேர்ந்த பெண்ணொருத்தி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தபோது, இரவு முழுவதும் அவள் குடிசையின் வாசலிலேயே காத்திருந்து, தாயும் சேயும் நலமென உறுதியான பின்னரே காலையில் இல்லம் திரும்பினார் என்று அவருடன் இருந்தவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கின்றனர். கடல் கடப்பதே பாவம் என்றிருந்த குலத்தில் பிறந்தவர், அக்காலத்தில் இவ்வாறு செய்தார் என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

பணியின் பொருட்டு இவ்வளவு உழைத்தவர், வாழ்க்கையை ரசிக்கத் தெரியாதவருமல்லர். உயர்ந்த ஆடைகளில் அவருக்குப் பெருவிருப்பம். பொன்னிலும் வெள்ளியிலும் சந்தனத்திலும் செய்த அழகுப் பொருள்களை வாங்கிச் சேர்ப்பார். மோதிரங்களையும் சங்கிலிகளையும் வாங்கி எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் அணிந்துகொள்வாராம். கடைக்குள் நுழைந்தால் பேரம் பேசுவதில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்கொள்வார். இதை அவரே பிற்காலத்தில் தம் சுயசரிதையில் ஒளிவுமறைவின்றி எழுதி வைத்திருக்கிறார். மகான்களின் வரலாற்றை எழுதுவோர் இத்தகைய செய்திகளை விட்டுவிடுவது வழக்கம். விடக்கூடாது என்பது நம் எண்ணம். ஒன்றுமில்லாதவன் துறப்பதற்கும், எல்லாவற்றையும் விரும்பி அனுபவித்தவர் துறப்பதற்கும் வேறுபாடு உண்டல்லவா?

அவ்வில்லம் விருந்தினர்க்கு என்றும் திறந்தே இருந்தது. சாதுக்கள், ஏழைகள், வேலை தேடி வந்த இளைஞர்கள் யாராயினும் உணவுண்டு. மாலை வேளைகளில் ஆர்மோனியத்துடன் பஜனை நடக்கும். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் சரித்திரப் பாடல்களை அவர் விரும்பிப் பாடுவார். ஒருமுறை நோயுற்ற சாது ஒருவருக்குச் சிகிச்சையளித்துப் பணிவிடை செய்தார். குணமடைந்த சாது, சுவாமி சச்சிதானந்தர் எழுதிய 'ஜீவ பிரம்ம ஐக்கிய வேதாந்த ரகசியம்' என்ற நூலை அவருக்குக் கொடுத்துச் சென்றார். அந்நூல் உள்ளத்தில் ஒரு பொறியை வைத்தது. அதன்பின் சங்கரர், விவேகானந்தர், ராமதீர்த்தர் ஆகியோரின் நூல்களைத் தேடித்தேடிப் படித்தார். கிறிஸ்தவ வேதத்தையும் பிரம்மஞான சபை வெளியீடுகளையும் விட்டுவைக்கவில்லை.

பார்சன்ஸ் துணையுடன் ஜொகூர் பாருவிலிருந்த மருத்துவ நிலையத்துக்கு மாறி, அங்கே மூன்றாண்டுகள் பணிபுரிந்தார். வருவாய் உயர்ந்தது. இலண்டன் கழகங்கள் சிலவற்றின் உறுப்பினர் பட்டங்களும் பெற்றார். சிங்கப்பூரிலிருந்து வெளிவந்த மலாயா டிரிபியூன் நாளிதழில் பொதுச் சுகாதாரம் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். முப்பத்தைந்து வயதுக்குள் பெயரும் பொருளும் செல்வாக்கும் வந்து சேர்ந்துவிட்டன. அப்பொழுதுதான் அவருடைய உள்ளத்தில் கேள்வி முற்றியது. காலையில் எழுந்து அலுவலகம் சென்று, உண்டு உறங்கி, மறுநாளும் அதையே செய்வதற்காகவா மனிதப் பிறவி?

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். வாழ்க்கையில் ஒரு குறிக்கோளுமின்றி அலைந்தவர் குறிக்கோளைத் தேடிப் புறப்பட்டார் என்றால் அதிலே வியப்பில்லை. இவரோ ஏற்கெனவே பிறருக்காக வாழ்ந்துகொண்டிருந்தவர். ஏழைகள் இவரை நம்பியிருந்தனர். அந்த நோயாளிகளை விட்டுச் செல்வது கடமையிலிருந்து நழுவுவதாகாதா என்று கேட்பவர் இன்றும் உண்டு. நியாயமான கேள்விதான். காய்ச்சல் தணிந்து வீடு சென்றவன் அடுத்த மாதம் அதே காய்ச்சலுடன் திரும்பி வருவதைத் தோட்டத்து டாக்டர் நாள்தோறும் கண்டிருப்பார். உடலுக்குத் தரும் மருந்தின் எல்லை அவருக்குத் தெரிந்துவிட்டது. கிள்ளானில் வாட்சன் சதுப்பைத் தேடிச் சென்று வற்றச் செய்ததுபோல, துன்பத்தின் ஊற்றையே தேடிச் செல்ல இவர் உள்ளம் விழைந்தது. அத்துடன் தாமே இன்னும் முழுமை பெறவில்லை என்ற தாகமும் இருந்தது. இந்த விளக்கம் எல்லோருக்கும் நிறைவளிக்கும் என்று நாம் கூறவில்லை. அவர் பின்னர் என்ன செய்தார் என்பதைப் பார்த்தால் ஓரளவு விடை கிடைக்கும்.

1923இல் மலாயாவை விட்டுப் புறப்பட்டார். அதன்பின் அவர் இந்நாட்டுக்குத் திரும்பவேயில்லை. காசிக்குச் சென்று விசுவநாதரைத் தரிசித்தார். கையில் பொருளின்றி நாசிக், பூனா, பண்டரிபுரம் எனக் கால்நடையாகவும் ரயிலிலும் திரிந்தார். சந்திரபாகா நதிக்கரையில் தாலஜ் என்ற சிற்றூரில் அஞ்சலக அதிகாரி ஒருவரின் இல்லத்தில் பணியாளராய் அமர்ந்து, சமைத்தும் நீர் எடுத்தும் நான்கு மாதங்கள் கழித்தார். பல பணியாட்களுக்குக் கட்டளையிட்டவர், மற்றொருவரின் அடுக்களையில் ஏவல் செய்தார்! தனித்திருந்து தவம் செய்யத்தக்க இடம் எது என்று கேட்டபோது ரிஷிகேசத்தின் பெயரைச் சொன்னவர் அந்த அஞ்சலக அதிகாரியே.

1924ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், கங்கைக்கரையில், சிருங்கேரி மரபைச் சேர்ந்த பரமஹம்ச விசுவானந்த சரஸ்வதி அவருக்குச் சந்நியாச தீட்சை அளித்தார். குருவும் சீடரும் சேர்ந்திருந்தது சில மணி நேரமே. டாக்டர் குப்புசுவாமி, சுவாமி சிவானந்த சரஸ்வதி ஆனார். கங்கையின் எதிர்க்கரையில் சுவர்க்காசிரமத்தில், தேள்கள் நடமாடும் சிறு குடிலொன்றில் தங்கினார். அன்னசத்திரத்தில் கிடைக்கும் உலர்ந்த ரொட்டியைக் கங்கை நீரில் நனைத்து உண்பார். குளிர்காலத்து வைகறையில் இடுப்பளவு நீரில் நின்று ஜபம் செய்வார்.

ஆனால் டாக்டர் மறைந்துவிடவில்லை. சாதுக்கள் நோயுற்றால் மருந்தும் பத்தியமும் கொண்டு குடிலுக்குக் குடில் செல்வார். மலாயாவில் இருந்தபோது எடுத்திருந்த ஆயுள் காப்பீட்டுத் தொகை கைக்கு வந்ததும், அதைக் கொண்டு 1927இல் இலட்சுமண ஜூலாவில் இலவச மருந்தகம் நடத்தினார். பத்ரிநாத், கேதார்நாத் செல்லும் யாத்திரிகர்கள் அவ்வழியாகவே நடந்து சென்ற காலம். ஒருநாள் ஒரு யாத்திரிகருக்கு மருந்து கொடுத்து அனுப்பிய பிறகு, அவருக்கு வேறொரு மருந்து இன்னும் நன்றாகப் பயன்படுமே என்று தோன்றியது. அம்மருந்தை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் பல மைல் ஓடி, அந்த மனிதரைப் பிடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். சிரம்பான் தோட்டத்தில் குடிசை வாசலில் காத்திருந்த அதே மனிதர்தான் இவர். சந்நியாசம் அவருடைய தொழிலை அவரிடமிருந்து பறித்துவிடவில்லை. சம்பளத்தை மட்டுமே நீக்கியது.

பிந்திய வரலாறு உலகறிந்தது, சுருக்கமாகவே சொல்லலாம். 1931இல் கயிலாய யாத்திரை. 1934இல் முனி-கி-ரேத்தியில், பாழடைந்து கிடந்த மாட்டுத்தொழுவமொன்றில் குடியேறி ஆனந்த குடீரம் அமைத்தார். 1936 ஜனவரி 13ஆம் நாள் தெய்வநெறிக் கழகம் அம்பாலாவில் பதிவு செய்யப்பட்டது. 1943 டிசம்பர் 3ஆம் நாள் தொடங்கிய அகண்ட நாம சங்கீர்த்தனம் இரவு பகலாக இன்றளவும் தொடர்கின்றது. 1948இல் யோக வேதாந்த வனக்கல்வி நிலையம். 1950இல் இரண்டு மாதங்கள் இந்தியா முழுவதும் இலங்கையிலும் சுற்றுப்பயணம். ஏறத்தாழ 300 நூல்கள். சுவாமி சிதானந்தர், கிருஷ்ணானந்தர், சின்மயானந்தர், விஷ்ணுதேவானந்தர், சத்தியானந்தர் எனச் சீடர்களின் வரிசை நீண்டது. அவர்களுள் சிதானந்தர் தொழுநோயாளிகளின் புண்ணைத் தம் கையால் கழுவிச் சேவை செய்தவர். குருவின் மருந்தகத்து மனப்பான்மை அவரிடம் முழுமையாக இறங்கியிருந்தது.

1950 ஜனவரி 8ஆம் நாள் இரவு நடந்த நிகழ்ச்சியொன்றை மட்டும் விரித்துரைக்க வேண்டும். சத்சங்கம் நடந்துகொண்டிருந்தபோது, கோவிந்தன் என்பவன் கோடரியால் சுவாமிகளின் தலையைக் குறிவைத்து வெட்டினான். தலைப்பாகையும் இருட்டும் இறையருளும் காத்தன. காவல்துறையினரிடம் அவனை ஒப்படைக்கச் சீடர்கள் துடித்தனர். சுவாமிகள் இணங்கவில்லை. மறுநாள் அவனுக்கு ஆடையும் பழமும் நூல்களும் கொடுத்து, திருநீறிட்டு, வணங்கி, துணைக்கு ஆள் சேர்த்து ரயிலேற்றி ஊருக்கு அனுப்பிவைத்தார்.

இல்லறத்தாருக்கு அவர் கூறிய வழி எதுவென்பதையும் அறிந்துகொள்வது நலம். தம்மைப்போல் எல்லோரும் வேலையை விட்டு இமயத்துக்கு ஓடிவர வேண்டும் என்று அவர் எவரிடமும் சொல்லவில்லை. கடிதம் எழுதிக் கேட்ட எழுத்தர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வியாபாரிகளுக்கும் அவர் பரிந்துரைத்தது ஓர் ஆன்மீக நாட்குறிப்பு. எத்தனை மணிக்கு எழுந்தேன், எத்தனை மாலை ஜபம் செய்தேன், எவ்வளவு தருமம் செய்தேன், எத்தனை முறை பொய் பேசினேன், எத்தனை முறை சினந்தேன், அதற்காக எனக்கு நானே என்ன தண்டனை விதித்துக்கொண்டேன் என்று ஒவ்வோர் இரவும் கட்டங்களில் குறிக்க வேண்டும். மாத இறுதியில் அதைத் தமக்கு அனுப்பினால் பார்த்து வழிகாட்டுவார். தோட்டத்து மருத்துவமனையில் நோயாளியின் காய்ச்சலை நாள்தோறும் குறித்து வைத்துப் பழகிய கை அல்லவா அது! மாதக்கணக்கில் எழுதிவந்தால் எந்தத் தீய பழக்கமும் கட்டத்துக்குள் ஒளிந்துகொள்ள முடியாது. எழுதிப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு கடினமென்பது தெரியும்.

அவர் திரும்பி வராத மலாயாவுக்கு அவருடைய நெறி வந்து சேர்ந்தது. சுவாமி பிரணவானந்த சரஸ்வதியின் முயற்சியால் பத்துமலையில் சிவானந்த ஆசிரமம் எழுந்தது. தைப்பூசத்தன்று பத்துமலைக்குச் செல்லும் இலட்சக்கணக்கானோரில் ஒரு சிலரேனும் அவ்வாசிரமத்தை எட்டிப் பார்த்திருப்பார்கள். எட்டிப் பார்க்காதவர்கள் அடுத்த முறை சென்று வரலாம்.

இறுதிக் காலத்தில் நீரிழிவும் இடுப்புவலியும் அவரை வாட்டின. ஆயினும் எழுதுவதும் கடிதங்களுக்கு விடை அனுப்புவதும், வந்தோருக்கு நூல்களையும் பழங்களையும் வாரி வழங்குவதும் நிற்கவில்லை. சிரம்பானில் கடைக்குள் நுழைந்தால் பேரம் பேசாமல் எல்லாவற்றையும் வாங்கியவர், ரிஷிகேசத்தில் கணக்குப் பார்க்காமல் எல்லாவற்றையும் கொடுத்தார். ஆசிரமத்தின் கடன் ஏறிக்கொண்டே போனதைக் கண்டு கணக்கெழுதிய சீடர்கள் கவலையுற்ற நாள்களும் உண்டு. 1963 ஜூன் மாதத்தில் உடல் தளர்ந்து படுக்கையில் விழுந்த சுவாமிகள், ஜூலை 14ஆம் நாள் இரவு பதினொன்றேகால் மணியளவில் மகாசமாதி அடைந்தார். ஜூலை 16ஆம் நாள் கங்கைக்கரை ஆசிரமத்திலேயே அவருடைய திருமேனி சமாதி வைக்கப்பட்டது.